கல்லறைக்கு எதற்கு இவ்வளவு பெரிய வாசல்?

சென்னையில் சாந்தோம் தேவாலயத்தின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கோதிக் பாணியைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஊசி போல மேலே போகும் கோபுரம், நுனி கூர்ந்த சன்னல்கள், கைகூப்பியதுபோல் உச்சியில் வந்து சேரும் வளைவுகள். வேளாங்கண்ணியிலும் திருச்சி லூர்து அன்னை ஆலயத்திலும் இதே சாயல்தான். அந்தக் கோபுரம் கண்ணில் பட்டதுமே உள்ளே பலிபீடம் இருக்கும், பெஞ்சு போட்டிருக்கும், மணி அடிக்கும் என்று மனம் தானாக எதிர்பார்த்துவிடுகிறது.

நியூயார்க்கின் புரூக்ளினில், ஐந்தாவது அவென்யூவும் 25-ஆம் தெருவும் சேரும் இடத்தில் அப்படி ஒரு கட்டடம் நிற்கிறது. செம்பழுப்புக் கல். நூறு அடிக்கு மேல் எழும்பும் நடுக்கோபுரம். அதன் இரு பக்கமும் வண்டி போகும் அளவுக்குக் கூரிய வளைவுகள். சரி, தேவாலயம்தான் என்று வளைவுக்குள் நுழைந்தால் மறுபக்கம் வெட்டவெளி. குன்றும் குளமும் மரமுமாக 478 ஏக்கர் நிலம். அதில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அது கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயில்; கோயில் இல்லாத கோபுரம்.

கல்லறைக்கு எதற்கு இவ்வளவு பெரிய வாசல், அதுவும் ஏன் கோதிக் பாணியில் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், இறந்தவர்களை என்ன செய்வது என்று நூறு ஆண்டு தவித்த நகரங்களின் கதை முழுவதும் கூடவே வந்துவிடுகிறது.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகக் கல்லறை என்றால் தேவாலய வளாகம்தான். வசதியுள்ளவர்களுக்குத் தரைக்கடியில், பலிபீடத்துக்குப் பக்கத்தில் இடம். மற்றவர்களுக்கு வெளிமுற்றம். புனிதமான இடத்துக்கு எவ்வளவு அருகில் படுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது நம்பிக்கை. நகரம் சிறியதாக இருந்தவரை அது நடந்தது. மக்கள்தொகை பெருகியதும் அதே முற்றத்தில் திரும்பத் திரும்பத் தோண்டினார்கள். பாரிஸில் இன்னொசென்ட்ஸ் கல்லறையை ஒட்டிய ஒரு வீட்டின் நிலவறைச் சுவர் 1780-ல் உடைந்து, பிணக்குழியில் இருந்தவை உள்ளே சரிந்தன. அதற்குப் பிறகுதான் அந்தக் கல்லறையை மூடி, எலும்புகளை அள்ளிப் பழைய கல்வெட்டாங்குழிச் சுரங்கங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1804-ல் பாரிஸின் ஓரத்தில் ஒரு குன்றின் மேல் பேர் லாஷேஸ் கல்லறை திறந்தது. மரமும் வளைந்த பாதையுமாகத் தோட்டம் போன்ற கல்லறை என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது அங்கிருந்துதான்.

நியூயார்க்குக்கும் அதே நெருக்கடி வந்தது. 1822-ல் மஞ்சள் காய்ச்சல் மன்ஹாட்டனின் தென்முனையை உலுக்கியது. கிருமி பற்றி யாருக்கும் தெரியாத காலம். கொசு பரப்புகிறது என்பது கண்டுபிடிக்கப்பட இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. கல்லறைகளிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று நினைத்தார்கள். டிரினிட்டி தேவாலயத்தின் முற்றத்தின் மேல் எல்லோருடைய கண்ணும் விழுந்தது. மறு ஆண்டே, 1823-ல், கேனல் தெருவுக்குத் தெற்கே இனிப் புதைக்கக் கூடாது என்று நகரம் தடை போட்டது. காரணம் தவறு, விளைவு மட்டும் நிலைத்தது. இறந்தவர்கள் ஊரை விட்டு வெளியே போக ஆரம்பித்தார்கள்.

எங்கே போவது? பாஸ்டனுக்கு அருகே 1831-ல் மவுண்ட் ஆபர்ன் என்ற தோட்டக் கல்லறை வந்தது. அதைப் பார்த்து பிலடெல்பியாவில் 1836-ல் லாரல் ஹில். புரூக்ளின் அப்போது நியூயார்க்கோடு சேராத தனி ஊர். அங்கே ஹென்றி பியர்பாண்ட் என்ற செல்வந்தர் முன்னின்று 1838-ல் கிரீன்வுட்டைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் பெரும் பணமுடை வந்து வங்கிகள் கவிழ்ந்திருந்தன, துணிச்சலான நேரம்தான். நிலத்தைத் திட்டமிட்டவர் டேவிட் பேட்ஸ் டக்ளஸ், ராணுவப் பொறியாளர். பனியாறு ஒரு காலத்தில் தள்ளிக்கொண்டுவந்து கொட்டிய மண்மேடு அது. பள்ளங்களில் தண்ணீர் தானாகத் தேங்கிக் குளமாகியிருந்தது. டக்ளஸ் அந்த ஏற்ற இறக்கங்களை மட்டம் செய்யாமல் அப்படியே விட்டு, அவற்றைச் சுற்றிப் பாதைகளை வளைத்தார். மன்ஹாட்டனில் தெருக்கள் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஓடும். அங்கிருந்து படகேறி வந்த ஒருவருக்கு இந்த வளைவே பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதை எப்போதும் கல்லறைத் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். இடுகாடு, சுடுகாடு என்று காட்டோடு சேர்ந்த சொற்கள் இருக்க, இங்கே மட்டும் தோட்டம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பியர்பாண்டும் டக்ளஸும் சொல்ல விரும்பியதை நம் சொல் இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் தோட்டம் போட்டால் மட்டும் மக்கள் வந்துவிடுவார்களா? இது எந்த ஒரு சபைக்கும் சொந்தமில்லாத இடம். போதகர் கிடையாது, கோயில் மணி கிடையாது. மனை வாங்குவதுபோல் கல்லறைக்கு இடம் வாங்க வேண்டும். பாட்டனும் பூட்டனும் தேவாலய நிழலில் கிடக்க, நம் அம்மாவை மட்டும் கண்காணாத குன்றில் வைப்பதா என்று குடும்பங்கள் தயங்கின. முதல் அடக்கம் 1840-ல் நடந்தது. ஆரம்ப ஆண்டுகளில் வியாபாரம் மந்தம். 1844-ல் ஒரு வழி கிடைத்தது. ஈரி கால்வாயை வெட்டவைத்த நியூயார்க் ஆளுநர் டிவிட் கிளின்டன் 1828-லேயே இறந்திருந்தார். அவருடைய உடல் ஆல்பனியில் இன்னொருவருடைய கல்லறை அறையில் தற்காலிகமாக வைக்கப்பட்டிருந்தது. அதை வாங்கிவந்து கிரீன்வுட்டில் அடக்கம் செய்தார்கள். பின்னர் ஹென்றி கிர்க் பிரவுன் வார்த்த வெண்கலச் சிலையும் எழுந்தது. பெரிய மனிதர் ஒருவர் வந்து படுத்துவிட்டால் மற்றவர்கள் தயங்க மாட்டார்கள் என்ற கணக்கு பலித்தது. பாரிஸ்காரர்களும் மோலியேரின் எலும்புகளைப் பேர் லாஷேஸுக்குக் கொண்டுபோய் இதையேதான் செய்திருந்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான் வாசலின் பாணி முக்கியமாகிறது. தேவாலயத்தோடு சேராத கல்லறை என்பது புதுச்சரக்கு. அதற்கு என்ன உருவம் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் எகிப்தைப் பிடித்தார்கள். சாவுக்காகவே கட்டிய நாடு அது, பிரமிடுகளே சாட்சி. மவுண்ட் ஆபர்னில் 1832-ல் எழுந்த வாசல் எகிப்தியக் கோயில் வாசல் போன்றது; முதலில் மரத்தில் செய்து, கல்லைப் போலத் தோன்றும்படி மணல் தூவிய வண்ணம் பூசி, பத்து ஆண்டுகளுக்குப் பிறகே கருங்கல்லில் கட்டினார்கள். லண்டனில் கென்சல் கிரீன் கல்லறைக்கு நடந்த போட்டியில் 1832-ல் கோதிக் வரைபடம் ஒன்று பரிசு வாங்கியது. ஆனால் நிறுவனத் தலைவருக்குக் கிரேக்க பாணிதான் பிடித்திருந்தது. பரிசு ஒருவருக்கு, கட்டடம் வேறு பாணியில். 1837-ல் லண்டனின் தெற்கே நார்வுட் கல்லறையில்தான் வில்லியம் டைட் துணிந்து கோதிக்கைக் கொண்டுவந்தார்.

அப்புறம் எதிர்ப்பு கிளம்பியது. கிறிஸ்தவர்களைப் புதைக்கும் இடத்துக்குப் பார்வோன்களின் வாசலா என்று கேட்டார்கள். கோதிக் ஒன்றே கிறிஸ்தவக் கட்டடக்கலை என்று ஊன்றி நின்ற ஆகஸ்டஸ் பியூஜின், 1843-ல் எகிப்திய பாணிக் கல்லறை வாசல் ஒன்றைக் கேலிச்சித்திரமாகவே வரைந்து வெளியிட்டார். வாதம் மெல்ல மெல்ல அவர் பக்கம் சாய்ந்தது. கோதிக் என்றால் பழமை, கோதிக் என்றால் வழிபாடு என்று மக்கள் மனதில் ஏற்கெனவே பதிந்திருந்ததே அதற்குக் காரணம். நேற்று விலைக்கு வாங்கிய நிலத்தின் முன்னால் அந்த வளைவை நிறுத்தினால், நிலத்துக்கு ஐந்நூறு வயது கூடிவிடுகிறது.

கிரீன்வுட் அதற்குத் தேர்ந்தெடுத்த ஆள் ரிச்சர்ட் அப்ஜான். இங்கிலாந்தில் பிறந்து, தச்சு வேலை கற்று, 1829-ல் அமெரிக்காவுக்கு வந்தவர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் முதல் தலைவர். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எது தெரியுமா? மன்ஹாட்டனின் டிரினிட்டி தேவாலயம். 1846-ல் அதன் புதுக் கட்டடம் திறக்கப்பட்டபோது நகரிலேயே உயரமானது அதன் கோபுரம்தான். மஞ்சள் காய்ச்சலுக்குப் பழியேற்றது அதே டிரினிட்டியின் முற்றம்தான். அங்கே கோபுரம் கட்டிய கை, 1861-க்கும் 1865-க்கும் இடையில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், புரூக்ளினில் வாசலைக் கட்டியது. கல்லறை தேவாலயத்தை விட்டு வெளியே வந்தது; பின்னாலேயே தேவாலயத்தின் முகப்பும் வந்துவிட்டது. கிரீன்வுட்டுக்குள் இப்போது இருக்கும் சிற்றாலயம் 1910-களில் எழுந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்த வாசல் துக்கத்தோடு வருகிறவர்களிடம், நீங்கள் புனித நிலத்துக்குள் காலை வைக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வாசலின் கட்டுமானத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அரைவட்ட வளைவுக்கு ஒரு கட்டாயம் உண்டு: அகலத்தில் பாதிதான் அதன் உயரம். பத்தடி அகலம் என்றால் ஐந்தடிதான் எழும்பும். கூர்வளைவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டு வில்களை உச்சியில் சேர்ப்பதால், குறுகிய இடத்தில்கூட எவ்வளவு உயரமும் போகலாம். மேலிருக்கும் பாரமும் பக்கவாட்டில் தள்ளுவதைவிடக் கீழ்நோக்கி அதிகம் இறங்குகிறது. மிஞ்சிய பக்கத் தள்ளலை வெளியிலிருந்து சாய்வாக முட்டுக் கொடுத்துத் தாங்கினார்கள். இடைக்காலத் தேவாலயங்கள் மெல்லிய சுவரும் பெரிய கண்ணாடிச் சன்னலுமாக நூறு அடிக்கும் மேல் உயர முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். கிரீன்வுட் வாசலிலும் அந்தச் சாய்வு முட்டுகள் இருக்கின்றன. ஆனால் அங்கே தாங்குவதற்கு உயரமான கூடம் எதுவும் இல்லை. வேலைக்காகப் பிறந்த உறுப்பு அறுநூறு ஆண்டுக்கும் மேல் கழித்து அழகுக்காக வந்து நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோதிக்கைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் இதைத்தான் சுட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் கோபுரத்தின் ஏழு நிலைகளில் யாரும் குடியிருப்பதில்லை. இருந்தாலும் தூரத்தில் அது தெரிந்ததும் நடை மாறுகிறது. வாசலுக்கு வேலை அதுதான்.

வளைவுகளுக்கு மேலே ஜான் மாஃபிட் செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள். லாசரு கல்லறையிலிருந்து எழுந்து வருகிறார். நாயீன் ஊர் விதவையின் மகன் பாடையிலிருந்து எழுகிறான். இயேசுவின் கல்லறையும் உயிர்ப்பும். விவிலியத்தில் சாவைப் பற்றி எத்தனையோ காட்சிகள் இருக்க, எழுந்து வந்தவர்களை மட்டுமே பொறுக்கியெடுத்திருக்கிறார்கள். மகனைப் புதைக்க வண்டியில் வரும் ஒரு தாய்க்கு மேலே அந்த விதவையின் மகன். இதை வடிவமைத்தவர்கள் யாரை மனதில் வைத்திருந்தார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது.

உள்ளே போனால் சின்னச் சின்னக் கோதிக் கோபுரங்கள் குன்றெங்கும். இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது சார்லட் கண்டா என்ற பெண்ணுடையது. 1845 பிப்ரவரி 3 அவளுக்குப் பதினேழாவது பிறந்தநாள். விருந்து முடிந்து திரும்பும் வழியில் குதிரைகள் மிரண்டு ஓட, வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு இறந்தாள். இறந்துபோன அத்தைக்காக அவளே ஒரு நினைவுச் சின்னம் வரைந்துவைத்திருந்தாள். தந்தை அந்தப் படத்தை எடுத்து, அதில் சில சேர்த்து, அவளுக்கே கட்டினார். கூர்வளைவு மாடத்துக்குள் வெண்பளிங்கில் அவள் நிற்கிறாள். உயரம் பதினேழு அடி. அவளை மணக்கவிருந்த இளைஞன் ஓராண்டுக்குப் பிறகு தற்கொலை செய்துகொண்டான். தற்கொலை என்பதால் அவளுடைய கத்தோலிக்கப் புனித மண்ணில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. பக்கத்தில் தனியாக ஒரு கல். சபைச் சார்பில்லாத கல்லறையிலும் அந்த வேலி வந்துவிட்டதே என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

இரண்டாவது ஜான் மேத்யூஸ் என்ற சோடா வியாபாரியுடையது. இங்கிலாந்திலிருந்து வந்து நியூயார்க்குக்குச் சோடா குடிக்கப் பழக்கியவர்களில் முக்கியமானவர், 1870-ல் காலமானார். கார்ல் முல்லர் வடித்த அவருடைய கல்லறை, கோதிக் பாணியின் எல்லா நகைகளையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டது போலிருக்கும். விதானத்தின் கீழ் மல்லாந்து படுத்திருக்கும் மேத்யூஸ், மேலே அடிக்கூரையில் செதுக்கிய தன் வாழ்க்கைக் காட்சிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓரங்களில் மழைநீரைத் துப்பும் விகார முக மிருகங்கள். நம் கருவறையின் கோமுகம் அபிஷேக நீரை வெளியே விடுவதுபோல், சுவரை நனைக்காமல் கூரைத் தண்ணீரைத் தள்ளி ஊற்றத்தான் அவை பிறந்தன.

மேத்யூஸ் சோடா தயாரித்த விதத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. பளிங்குத் துண்டுகள் மேல் கந்தக அமிலத்தை ஊற்றுவார். பளிங்கு பொங்கிக் கரியமில வாயுவை விடும். அதைத் தண்ணீரில் ஏற்றினால் சோடா. மன்ஹாட்டனில் எழுந்துகொண்டிருந்த இன்னொரு கோதிக் கட்டடமான புனித பேட்ரிக் பேராலயத்தின் கழிவுப் பளிங்கைக்கூட அவர் வாங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். இதே வேதிவினைதான் இன்று சார்லட்டின் முகத்தை அழித்துக்கொண்டிருக்கிறது. நிலக்கரிப் புகையில் இருந்த கந்தகம் மழையோடு சேர்ந்து மெல்லிய அமிலமாக இறங்கியது. பளிங்கின் மேல்தோல் கரைந்தது, ஒரு பகுதி ஜிப்சமாக மாறி உதிர்ந்தது. கூர்மையாகச் செதுக்கிய ரோஜா இதழ்கள் இன்று ஈரச் சர்க்கரை போல மழுங்கிக் கிடக்கின்றன. தொழிற்சாலையில் சில நிமிடத்தில் நடந்தது, குன்றின் மேல் நூற்றைம்பது ஆண்டு எடுத்து நடக்கிறது.

வாசலின் செம்பழுப்புக் கல்லுக்கு வேறு நோய். நியூ ஜெர்சியின் பெல்வில்லில் வெட்டிய மணற்கல் அது. அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து குளிரில் உறைந்தால் விரிந்து, தகடு தகடாகப் பெயர்க்கும். கோதிக் பாணியில் விளிம்புகளும் குழிவுகளும் அதிகம், தண்ணீர் தங்க இடம் அதிகம். அழகுக்குப் போட்ட ஒவ்வொரு வெட்டும் பராமரிப்புச் செலவுதான். நகரம் 1966-லேயே வாசலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 2006-ல் கிரீன்வுட் முழுவதும் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

அலங்காரக் கல்லறைகளே கிரீன்வுட் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலானவர்களுக்குச் சின்னக் கல்தான், பலருக்கு அதுவும் இல்லை. கறுப்பின மக்களுக்குத் தனியாக ஒரு மூலையை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே கற்கள் மண்ணுக்குள் புதைந்தே போய், அண்மைக்காலத்தில்தான் தோண்டியெடுத்து நிமிர்த்தினார்கள். 1876 டிசம்பரில் புரூக்ளின் நாடகக் கொட்டகை தீப்பற்றி 278 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அடையாளம் தெரியாத 103 பேரின் உடல்கள் இங்கே ஒரே பொதுக்குழியில். அவர்களுக்குக் கோதிக் மாடம் எதுவும் இல்லை, ஒரு கல்தூண் நிற்கிறது.

1860-களில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேர் கிரீன்வுட்டுக்கு வந்தார்கள், நயாகராவுக்கு அடுத்தபடி மக்கள் அதிகம் தேடிப்போன இடம் இதுதான் என்கிறார்கள். அவ்வளவு பேரும் துக்கத்துக்கு வந்தவர்களா என்றால் இல்லை. கிரீன்வுட் தொடங்கிய காலத்தில் நகரத்தில் புல்தரையில் நடக்க வேறு இடம் அதிகமில்லை. தோட்டக்கலை எழுத்தாளர் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் 1840-களின் இறுதியிலேயே, இப்படிக் கல்லறைத் தோட்டங்களில் கூடிய கூட்டத்தைச் சுட்டிக்காட்டி, உயிரோடிருப்பவர்களுக்கும் ஒரு பூங்கா வேண்டாமா என்று வாதாடினார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பிறந்ததில் அந்த வாதத்துக்குப் பெரிய பங்குண்டு.

இன்று வாசலைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கிளிச் சத்தத்தை. அர்ஜென்டினாப் பக்கத்துப் பச்சைக் கிளிகள் அவை. 1960-களில் கூண்டுப் பறவைகளாக இறக்குமதியானவற்றில் தப்பியவற்றின் சந்ததி. நம் கோபுரங்களில் கிளிகள் பொந்து தேடித்தான் குடியேறும். இந்த இனம் மட்டும் பொந்தில் வாழ்வதில்லை. சுள்ளி பொறுக்கி, பல குடும்பங்கள் ஒட்டியொட்டி வசிக்கும் பெரிய கூடாகக் கட்டும். அதற்குப் பிடிப்பான விளிம்பும் முனையும் வேண்டும். அப்ஜானின் நடுக்கோபுரத்தில் அவை வேண்டிய மட்டும் இருக்கின்றன. லாசருவுக்கும் விதவையின் மகனுக்கும் மேலே, கூம்பின் இடுக்குகளில், வண்டி வண்டியாகச் சுள்ளி.